பிரெஞ்சு தெரிந்தவர் ஆங்கில மழையைப் படிப்பது: ஒரு சந்தைக் கடைக்காரியின் அனுபவம்

பிரான்சில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலையும் நகரின் வடக்குப் புறநகர்களையும் விட்டு வந்தவர்களை லண்டனின் எந்தத் தமிழ்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம். நாங்களும் அப்படி வந்தவர்கள்தாம். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவள். திருமணத்துக்குப் பின் பாரிஸுக்கு வடக்கே உள்ள சர்செல் நகரில் நெடுங்காலம் இருந்தேன். 2019இல் கணவரின் வேலை காரணமாகக் கென்ட் மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. அதுவும் பிரெஞ்சுப் பாடப்புத்தகம் வழியாக வந்த ஆங்கிலம். கடைக்குப் போக, மருத்துவரிடம் பேச, பிள்ளைகளின் பள்ளிக் கடிதங்களைப் படிக்க அது போதுமானதாக இருந்தது. 2021இல் வாரச் சந்தைகளில் வடை, சமோசா, பிரியாணி விற்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கிய பிறகுதான், வானிலையைப் பற்றி ஆங்கிலேயர் பேசுவதில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை என்பது தெரிந்தது. அந்த ஆண்டில் சுமார் 900 பவுண்டும் நிறைய உறக்கமும் போயின. பிரெஞ்சு அறிந்த நம்மவர் யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் போனது பாடத்துக்குக் கட்டிய பணம். திறந்தவெளியில் கடை போடுகிறவளுக்கு வானிலைதான் முதலாளி என்று தோன்றியதால், பிரெஞ்சு பேசுவோருக்காகவே நடத்தப்படும் ஓர் இணைய வகுப்பில், வானிலையும் பருவங்களும் என்ற பகுதிக்கு 190 யூரோ கட்டிச் சேர்ந்தேன். படங்களோடு கூடிய நீண்ட சொற்பட்டியல் ஒன்று வந்தது. சூரியன், மேகம், குடை, பனிமனிதன். நான்கு பருவங்களின் பெயர்கள். கனமழைக்குப் பூனையும் நாயும் விழுகின்றன என்ற மரபுத்தொடர். இத்தனை ஆண்டுகளில் சந்தையில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பூனைகளும் நாய்களும் விழுந்ததை நான் கேட்டதில்லை. கனமழையை இங்குள்ளவர்கள் ‘போரிங்’, அதாவது ஊற்றுகிறது, என்பார்கள், ‘சக்கிங் இட் டவுன்’ என்பார்கள், கொஞ்சம் வயதானவர்கள் ‘பக்கெட்டிங்’ என்பார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பாடத்தை உடனே திறந்துகொள்ள நான் ஒப்புதல் அளித்ததாகவும், அதனால் திரும்பப் பெறும் உரிமை போய்விட்டதாகவும் பதில் வந்தது. சட்டப்படி அது சரிதான். இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிரான்சிலும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் மின்வடிவப் பாடத்தை உடனே தொடங்குகிறேன் என்ற கட்டத்தில் குறியிட்டுத் திறந்துவிட்டால் அந்த உரிமை நீங்கிவிடும். ஆகவே மாதிரிப் பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வானிலை அறிக்கையின் முழு வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு குறியிடுங்கள்.

முழு வாக்கியம் ஏன் முக்கியம் என்பதை ஒரு சனிக்கிழமை எனக்குக் காட்டியது. காலை வானொலியில், மழை நண்பகல் தாண்டி ‘இவென்ச்சுவலி’ விலகும் என்றார்கள். பிரெஞ்சில் ‘எவாந்துயெல்மான்’ என்றால் ‘ஒருவேளை’, ‘வாய்ப்பிருந்தால்’ என்று பொருள். உருவத்தில் ஒன்றாக இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கோ ‘கடைசியில் நிச்சயமாக’ என்று பொருள். மழை விட்டாலும் விடலாம், விடாமலும் போகலாம் என்று எடுத்துக்கொண்டு, சந்தை அமைப்பாளருக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். பிற்பகலில் வெயில் பளிச்சென்று அடித்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அன்று நல்ல வியாபாரம் பார்த்தார்கள். இடவாடகை 45 பவுண்டு திரும்பவில்லை. முந்தின இரவு அரைத்து வைத்த உளுந்து மாவு புளித்துப் போனது; ஊறவைத்த இறைச்சியில் வீட்டுக்கு வேண்டியது போக மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்தேன். எல்லாம் சேர்த்து 165 பவுண்டு. பணத்தைவிட, பள்ளியிலிருந்து ஆங்கிலத்தை உறிஞ்சிக்கொண்டு வந்த மகள், “அம்மா, அதுக்கு அந்த அர்த்தம் இல்லம்மா” என்று மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாக வலித்தது. இரண்டு மொழியில் படித்தவள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு. அது அன்று நன்றாக அடிவாங்கியது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் நம்மை அகராதிக்கு அனுப்பும். அதனால் அது பெரிய இழப்பைத் தருவதில்லை. தெரிந்தது போல முகம் காட்டும் சொல்தான் பணத்தைப் பிடுங்கும். பிரெஞ்சில் ‘உமீத்’ என்றால் ஈரம், நசநசப்பு. குளிர்காலத்திலும் அப்படிச் சொல்வோம். ஆங்கில ‘ஹ்யூமிட்’ வானிலை அறிக்கையில் வரும்போது பெரும்பாலும் புழுக்கத்தைக் குறிக்கும்; ஈரக்குளிருக்கு ‘டாம்ப்’ என்ற வேறு சொல் இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஓராஜ்’ என்றால் இடிமின்னலோடு வரும் மழை, ‘தாம்பெத்’ என்றால் பெருங்காற்று, இரண்டும் கலக்காது. ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். இடி உண்டா என்று தெரிய முன்னால் ‘தண்டர்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்தில் இது தலைகீழ்: பிரெஞ்சின் ‘ஷோ’ ஒன்றே ஒன்று, ஆங்கிலத்தில் இதமான சூட்டுக்கு ‘வார்ம்’, சுடும் வெயிலுக்கு ‘ஹாட்’. வசந்தகாலத்தில் 18 பாகை இருந்த ஒரு நாளை நான் ‘ஹாட்’ என்றபோது வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே தன் கம்பளிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் ‘ஸ்பெல்’. எழுத்துக்கூட்டுவது என்ற பொருளில் மட்டும் அறிந்திருந்த எனக்கு, ‘சன்னி ஸ்பெல்ஸ்’ என்பது நாம் பிரெஞ்சில் ‘எக்லெர்சி’ என்று சொல்லும் வெயில் இடைவெளி என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

இரண்டாவது இழப்பு காற்றினால் வந்தது. பிரான்சில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும்; இங்கே மைல். வெப்பநிலை இரு நாட்டிலும் செல்சியசில் இருப்பதால் மற்ற எண்களும் ஒன்றுதான் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. நான் பார்த்த செயலியில் அலகு எதுவும் இல்லாமல் ஒரு வட்டத்துக்குள் 45 என்று மட்டும் இருந்தது. 45 கிலோமீட்டர் என்றால் கூடாரத்தின் கால்களில் எடைகளைக் கட்டிச் சமாளித்துவிடலாம். 45 மைல் என்பது 72 கிலோமீட்டர். காலை பத்தரை மணிக்கு முதல் வீச்சில் கசீபோ எனப்படும் அந்தக் கூடாரத்தின் துணி வயிறு உப்பியது. அடுத்த வீச்சில் இரண்டு கால்கள் எடையோடு தரையை விட்டெழுந்து, மடங்கி, கார் நிறுத்தத்தில் இருந்த ஒருவரின் வண்டிக் கதவில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டு விழுந்தன. எண்ணெய்ச் சட்டி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது, இன்னும் சூடாகவில்லை. அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. கூடாரத்துக்கு 260 பவுண்டு, கார்க் கதவுக்கு 300 பவுண்டு. அன்று வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். மறைக்க எதுவுமில்லை.

எதிர்வரிசையில் காய்கறி விற்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர்தான் கம்பிகளைப் பொறுக்க வந்தார். “தங்கச்சி, உது கிலோமீற்றர் இல்லை, மைல். ஒண்டரையால பெருக்கிப் பாருங்கோ, அது போதும்” என்றார். சரியான கணக்கு 1.6, ஆனாலும் அவசரத்துக்கு ஒன்றரை போதுமானது. அவர் சொன்ன இன்னொன்று அதைவிடப் பயனுள்ளது: எண் சராசரிக் காற்றைச் சொல்கிறதா, ‘கஸ்ட்’ எனப்படும் திடீர் வீச்சைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடாரத்தைத் தூக்குவது வீச்சுதான். செயலியின் அமைப்புகளுக்குள் போய் அலகை நமக்குப் பழகிய கிலோமீட்டருக்கு மாற்றிவிடலாம். ஆனால் வானொலியும் சந்தை அமைப்பாளரும் மைலில்தான் பேசுவார்கள் என்பதால், நான் மைலிலேயே விட்டு, எந்த எண்ணில் என் கூடாரம் இறங்க வேண்டும் என்பதை அடுப்பின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் படிக்கும் முறையை மாற்றினேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் எங்கள் கரையிலிருந்து பிரான்ஸ் தெரியும். அக்கரையில் இருக்கும் பிரெஞ்சு ஊரான கலேயின் மேல் இருக்கும் மேகம்தான் பல நாட்களில் டோவரின் மேலும் இருக்கிறது. எனவே காலையில் தேநீர் குடிக்கும்போது கலேக்கான அறிக்கையைப் பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தியோ ஃப்ரான்ஸில் பிரெஞ்சில் படிப்பேன்; உடனே டோவருக்கான அறிக்கையை இங்குள்ள வானிலை நிறுவனமான மெட் ஆஃபீஸில் ஆங்கிலத்தில் படிப்பேன். ஒரே நாளின் ஒரே காற்றை, அதைத் தொழிலாகக் கொண்ட இரு தரப்பினர் தத்தம் மொழியில் இயல்பாகச் சொல்வதை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிரெஞ்சில் ‘அவெர்ஸ்’ என்று வந்த நாளில் ஆங்கிலத்தில் ‘ஷவர்ஸ்’ வந்தது. அது சட்டென்று வந்து போகும், இந்தத் தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழை. ‘ரெயின்’ என்று மட்டும் இருந்தால் பரவலாக, நீண்ட நேரம் பெய்யும் மழை. ஷவர் நாளில் நான் கடை போடுவேன். ரெயின் நாளில் யோசிப்பேன். ‘டிரிஸில்’ என்றால் தூறல். இங்கே தூறலுக்கு யாரும் குடையே விரிப்பதில்லை, வியாபாரம் நன்றாகவே நடக்கும். நாள் முழுவதும் ஒரேயடியாகப் பெய்யாமல் விட்டுவிட்டு வருவது ‘அவுட்பிரேக்ஸ் ஆஃப் ரெயின்’. அறிக்கையில் வரும் மழை விழுக்காடு அந்த இடத்தில் அந்த நேரத்துக்குள் மழை விழும் வாய்ப்பைத்தான் சொல்கிறது. எவ்வளவு பெய்யும், எவ்வளவு நேரம் பெய்யும் என்பதை அல்ல.

எண்களை அவர்கள் சொற்களாகச் சொல்வதும் நமக்குப் புதிது. ‘மிட் டீன்ஸ்’ என்றால் 14 முதல் 16 பாகை, ‘ஹை டீன்ஸ்’ என்றால் 17 முதல் 19, ‘லோ ட்வென்டீஸ்’ என்றால் இருபதைச் சற்றே தாண்டியது, ‘சிங்கிள் ஃபிகர்ஸ்’ என்றால் பத்துக்குக் கீழே. பிரெஞ்சில் சுமார் பதினைந்து என்பதற்கு ஒரு சொல் உண்டே தவிர, பதின்மத்தின் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கும் பழக்கம் இல்லை. சூடான தேநீர் போகுமா, மாம்பழ லஸ்ஸி போகுமா என்பதை இந்தச் சொற்களை வைத்தே தீர்மானிக்கிறேன். நேரச் சொற்களில் ‘பை’ என்பது ஒன்று: ‘பை த்ரீ’ என்றால் மூன்று மணி வாக்கில் என்று பொருள் அன்று, மூன்று மணிக்குள் முடிந்திருக்கும் என்று பொருள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பிபிசி ரேடியோ 4இல் வரும் கப்பல் வானிலை அறிக்கையைக் கேட்கலாம். சொற்கள் மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் பொருள் வரையறுக்கப்பட்டது: எச்சரிக்கையில் ‘இமினென்ட்’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மணி, ‘லேட்டர்’ என்றால் அதற்கும் பிறகு. ‘ஃபாக்’ என்றால் ஆயிரம் மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாத மூடுபனி, அதாவது நம் ‘புரூயார்’. அதைவிட மெல்லியது ‘மிஸ்ட்’, நம் ‘ப்ரும்’. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த குழப்பத்தையும் கண்டேன். காற்றை அளக்கும் போஃபர்ட் அளவுகோலில் ஆங்கிலத்தின் ‘ஃப்ரெஷ் பிரீஸ்’ ஐந்தாம் எண். பிரெஞ்சின் ‘வான் ஃப்ரே’ ஆறாம் எண். ‘கிரான் ஃப்ரே’ ஏழு. ஒரே சொல்லின் இரு வடிவங்கள் இரு கரையிலும் ஒரு படி தள்ளி நிற்கின்றன. ஆங்கில ‘கேல்’ எட்டாம் எண், மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குவது. பிரெஞ்சில் அது ‘கூ த வான்’. நிலத்து அறிக்கையிலோ ‘ஃப்ரெஷ்’ என்பது பல நேரம் காற்றை அல்ல, சற்றுக் குளிர்ந்த நாளைக் குறிக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் ‘மைல்ட்’: குளிர்காலத்தில் எதிர்பார்த்த குளிர் இல்லை என்று பொருள். இதே பொருளில் வரும் பிரெஞ்சின் ‘து’வை ‘ஸாஃப்ட்’ (மென்மை) என்று மொழிபெயர்த்துப் பேசினால், கேட்பவர் ஒரு நொடி விழிப்பார்.

எச்சரிக்கை வண்ணங்களைத் தனியாகப் படிக்க வேண்டும். பிரான்சில் 1999 டிசம்பர் புயல்களுக்குப் பின் 2001இல் வந்த வரைபடத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு. இங்கே மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று. ஆம்பர் என்பது ஆரஞ்சின் இடத்தில் நிற்கிறது. பிரான்சில் மஞ்சளைப் பார்த்து யாரும் பெரிதாகக் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. இங்கே மஞ்சளுக்குள்ளேயே இரண்டு வகை ஒளிந்திருக்கிறது: பாதிப்பு சிறியது ஆனால் பெரும்பாலும் வரும் என்பது ஒன்று, வர வாய்ப்பு குறைவு, வந்தால் பாதிப்பு பெரியது என்பது மற்றொன்று. எச்சரிக்கையைத் திறந்தால் உள்ளே சிறு கட்டங்கள் கொண்ட படம் இருக்கும். குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலுக்கு லண்டனுக்கும் தென்கிழக்குப் பகுதிக்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வைட் தீவின் நீடில்ஸ் முனையில் அன்று மணிக்கு 122 மைல் வேகத்தில் வீச்சு பதிவானது. புதுக் கூடாரம் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

பருவங்களைப் பொறுத்தவரை சொற்கள் எளிது, சுற்றியுள்ளவைதான் சிக்கல். பிரெஞ்சில் வசந்தத்துக்கு மட்டும் ஒரு முன்னிடைச்சொல், மற்ற மூன்றுக்கு வேறொன்று. ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘இன்’ போதும். மாதப் பெயர்களுக்கும் கிழமைகளுக்கும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேண்டும், பருவப் பெயர்களுக்கு வேண்டாம். பிரெஞ்சில் எதற்குமே வேண்டாம் என்பதால், என் முதல் விலைப்பலகையில் சனிக்கிழமை சிறிய எழுத்தில் நின்றது. இலையுதிர் காலத்துக்கான சொல்லைப் பிரெஞ்சில் சொல்லும்போது இறுதியில் ‘ன்’ ஒலிக்கும், ‘ம்’ மறையும். ஆங்கிலத்தில் ‘ம்’ ஒலிக்கும், ‘ன்’ மறையும். பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘ஹ’ ஒலியை விழுங்கினால் ஆலங்கட்டிக்கான ‘ஹெய்ல்’ ‘ஏல்’ ஆகி, அவர்கள் குடிக்கும் பீர் வகையாகிவிடும். ‘எனக்குக் குளிருகிறது’ என்பதைப் பிரெஞ்சில் குளிரை உடையவளாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நானே குளிராக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். தமிழ் இரண்டுக்கும் ஒத்துவராததால் நம்மவருக்கு இங்கே பிரெஞ்சை மறப்பது அவ்வளவு கடினம் இல்லை.

வாடிக்கையாளரோடு பேச்சுக் கொடுக்க இரு நாட்டுக்கும் பொதுவானவை சில உண்டு. மார்ச் மாதத்தில் வெயிலும் மழையும் ஆலங்கட்டியும் மாறிமாறி வருவதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜிபூலே’ என்பார்கள். அதே குறும்புத்தனத்தை இங்கே ஏப்ரலுக்கு ஏற்றி ‘ஏப்ரல் ஷவர்ஸ்’ என்கிறார்கள். ஜூன் 8, புனித மெதார் நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்பது பிரான்சின் நம்பிக்கை. அதே நாற்பது நாள் கணக்கு இங்கே ஜூலை 15, புனித ஸ்விதின் நாளுக்கு. இதை ஒரு வயதான அம்மையாரிடம் சொன்னதிலிருந்து அவர் ஒவ்வொரு ஜூலையிலும் வந்து விசாரிக்கிறார், இரண்டு வடையும் வாங்குகிறார். இவர்களின் பேச்சில் எல்லாம் ஒரு படி குறைத்துச் சொல்லப்படும் என்பதையும் கவனியுங்கள். ‘எ பிட் ப்ரீஸி’, அதாவது கொஞ்சம் காற்று, என்று சந்தைக்காரர் ஒருவர் சொன்னால், நான் போய் எடைகளை எண்ணிப் பார்ப்பேன்.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் அமைப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: எந்தக் காற்று வேகத்தில் சந்தையை அவர்களே ரத்து செய்வார்கள், அப்போது இடவாடகை திரும்புமா, நாமாக வராமல் இருக்க எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்கு எங்கள் சந்தையில் பதில் முந்தின நாள் மாலை நான்கு மணி. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணி அறிக்கையை நான் தவறவிடுவதில்லை. முதலில் கலே, பிறகு டோவர்.